கோப்ரா ரெப்ளிகாவுக்கு சாஃப்ட் டாப்: தேர்வு செய்வதும் பொருத்துவதும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் ஏசி நிறுவனம் கட்டிய சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஃபோர்டின் வி8 எஞ்சினை வைத்து கரோல் ஷெல்பி 1962-ல் கொண்டுவந்ததுதான் கோப்ரா. அசல் கார்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஃபைபர் கிளாஸ் பாடியோடு தயாரான ரெப்ளிகாக்கள் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். இவற்றை ஆசை ஆசையாகக் கட்டுபவர்கள் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் கொடுக்கிற கவனத்தில் கால் பங்கைக்கூட டாப்புக்கு, அதாவது மழைக்கு மேலே போர்த்தும் துணிக் கூரைக்கு, கொடுப்பதில்லை. முதல் மழையில்தான் அது ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது வரும் கேள்விகள் இவை.

எல்லா கோப்ராவுக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 90 அங்குலம்தானே, அப்புறம் ஏன் ஒருவர் டாப் இன்னொருவர் காருக்குப் பொருந்துவதில்லை?

முதலில், எல்லா ரெப்ளிகாவும் அந்த அளவை அப்படியே பின்பற்றுவதில்லை. பின்பற்றினாலும் வீல்பேஸுக்கும் டாப்புக்கும் சம்பந்தமே இல்லை. முன் கண்ணாடியின் மேல் விளிம்பு எந்த உயரத்தில், எவ்வளவு சாய்வாக நிற்கிறது, டாப்பின் கம்பிச் சட்டம் இறங்கும் குழிகள் எங்கே இருக்கின்றன, கதவு முடியும் இடத்தில் பாடி எப்படி வளைகிறது, சீட்டுக்குப் பின்னால் டிக்கி மூடி வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்பவைதான் டாப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன. கால் நீட்ட இடம் வேண்டும் என்பதற்காக உட்காரும் பகுதியையே பெரிதாக்கிய தயாரிப்பாளர்கள் உண்டு. காலப்போக்கில் பாடி வார்க்கும் அச்சை மாற்றியவர்களும் உண்டு. இதையெல்லாம் விடுங்கள், ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு பாடிகளில்கூட முன் கண்ணாடியை நிறுத்துவது காரைக் கட்டுகிற ஆளின் கைதான், ஒருவர் கொஞ்சம் சாய்த்திருப்பார், இன்னொருவர் கொஞ்சம் நிமிர்த்தியிருப்பார், கண்ணாடியின் உச்சியில் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமாக வந்து நிற்கும். டாப் துணிக்கு அது பெரிய தூரம்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது 'கோப்ரா டாப்' என்று கேட்டால் போதாது. பாடி யாருடையது, எந்த வருடத்தது, கண்ணாடி ஃபிரேம் எங்கே வாங்கியது, ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைந்த கம்பி) இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லுங்கள். இவற்றைக் கேட்காமலேயே பணத்தை வாங்கிக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள்.

எனக்கு டாப் தேவைதானா?

வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் காரை வெளியே எடுப்பவருக்குத் தேவையில்லை. அவருக்கு நல்ல டோனோ கவர் போதும். உட்காரும் பகுதியை மூடுகிற உறைதான் அது, நடுவில் ஜிப் இருக்கும், ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டும் ஓட்டலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது மழை வந்தாலும் சீட் நனையாது.

நீண்ட பயணம் போகிறவர்கள் விஷயம் வேறு. இங்கிலாந்திலிருந்து ஜூன் மாதம் பிரான்ஸின் லெ மான்ஸ் கார் பந்தயத்தைப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு வழியில் மழை கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். அவருக்கு டாப் வேண்டும், கதவின்மேல் மாட்டும் பக்க ஜன்னலான சைடு ஸ்கிரீனும் வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை. அதிவேகத்தில் மணிக்கணக்காக ஓட்டவேண்டும் என்றால் விறைப்பான கூரையான ஹார்ட்டாப் பற்றி யோசிக்கலாம். 1963-ல் லெ மான்ஸில் ஏழாவதாக வந்த கோப்ராவும் ஹார்ட்டாப் போட்டுத்தான் ஓடியது. கண்ணாடிக்கும் ரோல் பாருக்கும் நடுவே கட்டும் சின்னத் துணி ஒன்றும் விற்கிறார்கள், அது தலைக்கு நிழல் தரும், மழைக்கு உதவாது.

வைனிலா, துணியா?

அறுபதுகளின் தோற்றம் வேண்டும் என்றால் கறுப்பு வைனில், அதாவது பிளாஸ்டிக் பூசிய துணி. விலை குறைவு, ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும், வெயிலில் சூடானதும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் என்பதால் பொருத்துகிறவருக்கும் அது தோது. குளிரில் விறைத்துக்கொள்வதும், வயதாக ஆகச் சுருங்குவதும் அதன் குறைகள்.

துணி டாப் என்று விற்கப்படுவது உண்மையில் மூன்று அடுக்கு: மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், உள்ளே பருத்தி கலந்த துணி. ஸ்டேஃபாஸ்ட் என்ற பிராண்டு இதில் பெயர் பெற்றது. பிரிட்டனில் இந்த வகைத் துணியைப் பொதுவாக மொகேர் என்று சொல்வார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்த நடு ரப்பர்தான். பார்க்க அழகு, மடித்தாலும் கோடு விழாது, சாலைச் சத்தமும் கொஞ்சம் குறையும். ஆனால் தடிமன் அதிகம், சுருட்டினால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

என் முடிவு இது. வருடத்தில் பெரும்பாலான நாள் டாப் டிக்கியிலேயே கிடக்கும் என்றால் வைனில் வாங்குங்கள். காரை வெளியே நிறுத்துகிறீர்கள், டாப் மாதக்கணக்கில் மேலேயே இருக்கும் என்றால் துணிக்குச் செலவழிப்பது தகும். படகு உறைக்கும் கடை வாசல் பந்தலுக்கும் பயன்படும் ஒற்றை அடுக்கு அக்ரிலிக் துணியில் டாப் தைத்துத் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டோனோ கவருக்கு அது பரவாயில்லை. டாப்பாக இழுத்துக் கட்டிய பிறகு அடைமழையில் ஓடினால் உள்ளே கசியும்.

கம்பிச் சட்டத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கோப்ராவின் டாப், நாம் இன்றைய கன்வர்ட்டிபிள்களில் பார்ப்பதுபோல மடங்கி உட்காரும் ரகம் அல்ல. கம்பிகள் தனி, துணி தனி. கம்பியின் கால்களைச் சீட்டுக்குப் பின்னால் உள்ள குழிகளில் இறக்கி, மேலே துணியைப் போர்த்தி, ஓரங்களைப் பட்டன்களில் மாட்டவேண்டும். மழை தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள், அதனால் வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் ஆடக்கூடாது. குழியில் கால் தளர்வாக இருந்தால் டாப் எப்போதும் தொய்வாகவே இருக்கும், துணியை எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது. உயரத்தையும் பாருங்கள். சீட்டைக் கடைசியாக நிலைக்கப்போகும் உயரத்தில் வைத்து, ஓட்டப்போகிறவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஆறடி ஆள் என்றால் பல ரெப்ளிகாக்களில் தலை துணியில் முட்டும். இதைத் துணி வெட்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டால் சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம், பின்னால் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ரோல் பார் இருக்கிறது. டாப் போட முடியுமா?

பாரின் வளைவு சட்டத்துக்குக் கீழே நின்றால் பிரச்சினை இல்லை. பாரிலிருந்து பின்னால் சாய்ந்து பாடிக்குள் இறங்கும் தாங்கு கம்பிதான் தொல்லை, அது துணியின் பின் ஓரத்தைக் குறுக்கே வெட்டும். அந்த இடத்தில் துணியில் பிளவு விட்டு, மேலே மூடி ஒன்று தைத்துத் தரச் சொல்லவேண்டும். ரோல் பார் இல்லாத காருக்கு டாப் வாங்கிவிட்டு அப்புறம் பார் போடுவதுதான் மோசமான வரிசை.

எந்தப் பட்டன் நல்லது?

கையால் அழுத்தி மாட்டும் சாதாரண ஸ்னாப் பட்டனை டாப்புக்குப் போடாதீர்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் அது கழன்றுவரும், காற்று இழுத்தாலும் அப்படித்தான். லிஃப்ட்-த-டாட் என்ற வகையில் மூன்று பக்கம் பூட்டு, ஒரு பக்கம் மட்டும் திறக்கும். அந்தப் பக்கத்தை அடையாளம் காட்ட மேலே சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அங்கே விரலைக் கொடுத்துத் தூக்கினால்தான் கழலும். மாட்டும்போது அந்தப் புள்ளி துணியின் விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும், இழுவிசை வரும் பக்கத்தைப் பார்த்திருந்தால் மாட்டியதே வீண். டெனாக்ஸ் என்பது இன்னொரு வகை, தலையைப் பிடித்து மேலே இழுத்தால்தான் விடும். இரண்டுமே நம்பகமானவை. பழைய தோற்றத்துக்கு முதலாவது, குளிரில் விரல் மரத்துப்போன நேரத்துக்கு இரண்டாவது.

டோனோ கவரும் வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள். பின்பக்கம் இரண்டுக்கும் அதே பட்டன்களைப் பயன்படுத்தலாம். தனித்தனியாகச் செய்தால் நல்ல பெயின்ட்டில் இரண்டு வரிசை ஓட்டைகள் விழும்.

சரி, டாப் வந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

துணியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: துணி கடைசியில் வருவது. முன் கண்ணாடி, கதவு, சைடு ஸ்கிரீன், சட்டம் எல்லாம் தத்தம் இடத்தில் இறுக்கி முடிந்த பிறகுதான் துணிப் பெட்டியைத் திறக்கவேண்டும். டாப் சரியில்லை என்று புலம்புகிற கார்களைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் தைத்தவர் மீது குற்றம் இருக்காது, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

முதலில் காரின் நடுக்கோட்டை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள், முன் கண்ணாடியின் உச்சியில் ஒன்று, டிக்கி மூடிக்கு முன்னால் ஒன்று. பிறகு கண்ணாடியின் இடது மேல் மூலையிலிருந்து வலது சட்டக் குழிக்கும், வலது மூலையிலிருந்து இடது குழிக்கும் நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஃபைபர் கிளாஸ் பாடியில் சகஜம், துணி அதைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கண்ணாடியின் தூண் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள், அல்லது குழியை நகர்த்துங்கள்.

அடுத்து சைடு ஸ்கிரீன். டாப்பின் பக்க ஓரம் அதன்மேல் சற்று ஏறி உட்காரும், அதனால் ஸ்கிரீனின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் டாப்பின் ஓரத்தை முடிவு செய்ய முடியாது. கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், ஸ்கிரீன் சட்டத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது துணி. டாப்பை மடிப்பில்லாமல் விரித்துக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டுவையுங்கள், 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாளில் வேலையைத் தொடங்கவே வேண்டாம். துணியின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முன் விளிம்பை முதலில் மாட்டவேண்டும். பல ரெப்ளிகாக்களில் கண்ணாடி ஃபிரேமின் மேல் ஒரு பள்ளம் இருக்கும், துணியோடு தைத்த பட்டை அதற்குள் போய் உட்காரும், மற்றவற்றில் பட்டன்கள் இருக்கும். நடுக்கோடும் நடுக்கோடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னால் போங்கள். பின்பக்கம் நடுவை மட்டும் இழுத்து, ரப்பர் பட்டை வைத்த கிளாம்பால் பிடியுங்கள். அதிலிருந்து இடதில் ஒரு கிளாம்ப், வலதில் ஒரு கிளாம்ப் என்று மாற்றி மாற்றி வெளியே போகவேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும், பின் ஜன்னல் கோணிக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூலைகள் கடைசி.

அந்த நிலையில் ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் துணி கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இழுத்துக் கிளாம்பை மாற்றுங்கள். இதற்குப் பிறகுதான் டிரில்.

ஃபைபர் கிளாஸில் ஓட்டை போட்டால் விரிசல் விடும் என்கிறார்களே?

விடும், அவசரப்பட்டால். பாடியின் மேல்தோலாக இருக்கும் ஜெல்கோட் மெல்லியது, அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் அதற்கு. டிரில்லின் வாய் அதைக் கொத்திப் பிடித்துவிட்டால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல் ஓடும், அதை மறைக்க மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

குறிக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மேலே பென்சிலால் குறியிட்டு 2 மி.மீ. பிட்டால் மெதுவாக, அழுத்தாமல் முதல் ஓட்டை. பிறகு வாயகலமான கவுன்டர்சிங்க் பிட்டை எதிர்த்திசையில் சுற்றவிட்டு ஜெல்கோட்டின் விளிம்பை லேசாகச் சுரண்டி எடுங்கள், எதிர்த்திசையில் சுற்றும்போது அது வெட்டாமல் தேய்க்கும். அந்தச் சின்னச் சரிவு இருந்தால் திருகு இறுகும்போது ஜெல்கோட்டை நெம்பாது. அதற்குப் பிறகுதான் முழு அளவு ஓட்டை. ஃபைபர் கிளாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டனை வெறும் மரத்திருகு மாதிரியானதால் பாடியில் முடுக்கிவிட்டுப் போகாதீர்கள். சில மில்லிமீட்டரே தடிமனுள்ள ஃபைபர் கிளாஸில் அது பிடித்து நிற்காது, ஒரு வருடத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். டிக்கிக்குள் கைவிட முடிகிற இடத்தில் மரைபோட்ட பட்டனைப் போட்டு உள்ளே பெரிய வாஷரும் நட்டும். கை எட்டாத இடத்தில் ரிவ்நட், அதாவது வெளியிலிருந்தே ஓட்டைக்குள் பொருத்தும் நட். ஓட்டைக்குள் கொஞ்சம் சீலன்ட் தடவ மறக்காதீர்கள், இல்லையென்றால் டாப் ஒழுகாவிட்டாலும் டிக்கி ஒழுகும்.

முதலில் பாடியில் பட்டன், அப்புறம் துணியில். துணியை அதன் இடத்துக்கு இழுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் இருக்கும் முளை தட்டுப்படும், அங்கேயே குறியிட்டுத் துளையிடுங்கள். ஒவ்வொரு பட்டனாகச் செய்து மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் அளவெடுத்து மொத்தமாகத் துளைத்தால் கடைசி நான்கு எங்கேயும் பொருந்தாது. பல தயாரிப்பாளர்கள் பின் ஓரத்தில் பட்டன் அடிக்காமலே டாப்பை அனுப்புவது இதற்காகத்தான், பாதி வேலையோடு அனுப்பிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

எவ்வளவு இறுக்கம் சரி?

பொருத்திய அன்று கடைசி மூலையை மாட்ட இரண்டு கட்டைவிரலும் கொஞ்சம் வலிக்கவேண்டும். சுலபமாக மாட்டினால் ஒரு மாதத்தில் தொய்யும். ஆனால் வெயிலில் மாட்டிய இறுக்கத்தைக் குளிரில் எதிர்பார்க்காதீர்கள், ஜனவரி காலையில் அதே வைனில் ஒரு சென்டிமீட்டர் குறைவாக நிற்கும். அப்போது பலவந்தமாக இழுத்தால் கிழிவது தையல்தான். காரை உள்ளே வைத்து சூடேற்றிவிட்டு மாட்டுங்கள்.

வேகமாகப் போனால் டாப் மேலே உப்புகிறது. இது சரியா?

கொஞ்சம் உப்பத்தான் செய்யும். கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று துணியை வெளியே தள்ளுகிறது. துணி படபடவென்று அடித்தால் தொய்வு அதிகம் என்று அர்த்தம். முன் விளிம்பு கண்ணாடி ஃபிரேமை விட்டு எழும்புவதாகத் தெரிந்தால் அந்தப் பயணத்தில் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிடுங்கள், முன் விளிம்பு விட்டுவிட்டால் முழு டாப்பும் பின்னால் போய்விடும்.

எங்கே ஒழுகும்?

கண்ணாடி ஃபிரேமின் இரண்டு மேல் மூலைகள், கதவுக்குப் பின்னால் துணியும் சைடு ஸ்கிரீனும் பாடியும் சந்திக்கும் இடம். இந்த மூன்று சேரும் முக்கில் முழுமையாகத் தண்ணீரைத் தடுத்த கோப்ரா ரெப்ளிகா அபூர்வம். மென்மையான ரப்பர் நுரைப் பட்டை ஒட்டினால் பெருமளவு குறையும். தையல் ஓட்டை வழியாகக் கசிந்தால் உள்பக்கம் சீம் சீலர் தடவலாம். இந்தக் காரில் துளி விழாமல் ஓட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பின் ஜன்னலுக்கும் சைடு ஸ்கிரீனுக்கும் என்ன பிளாஸ்டிக்?

பின் ஜன்னல் மடங்கவேண்டும், அதனால் 0.75 மி.மீ. அல்லது 1 மி.மீ. அளவில் தெளிவான பிவிசி வேண்டும்; தடிமனானது நன்றாக நிமிர்ந்து நிற்கும், மெல்லியது சுலபமாகச் சுருளும். சைடு ஸ்கிரீனுக்கு விறைப்பான தகடு வேண்டும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் கீறல் சீக்கிரம் விழும், அதனால் மேல்பூச்சு உள்ளதாக வாங்குங்கள். அக்ரிலிக் கீறலைத் தாங்கும், துளையிடும்போது வெடிக்கும். எதுவானாலும் திருகைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வெயிலில் தகடு விரிய இடம் வேண்டும்.

டாப் போட்டதும் உள்ளே புகை நாற்றம் வருகிறது.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார் ஓடும்போது பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் எக்ஸாஸ்ட் புகையைப் பின் இடைவெளிகள் வழியாக உள்ளே இழுக்கும், கதவுக்குக் கீழே ஓடும் சைடு பைப் இருந்தால் பக்கவாட்டிலிருந்தும் வரும். நாற்றம் மட்டுமல்ல, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகிறது. டாப் போட்ட நிலையில் தலைவலியோ மயக்கமோ தெரிந்தால் உடனே நிறுத்தி வெளியே வாருங்கள். எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கசிவு பாருங்கள், எஞ்சின் அறைச் சுவரில் வயர் போகும் ஓட்டைகளை அடையுங்கள், டாப்பின் பின் ஓரத்தை மூடுங்கள், முன்னாலிருந்து புதுக் காற்று வர வழி வையுங்கள். இவற்றைச் செய்யும்வரை டாப்போடு தூரம் போகாதீர்கள்.

வீட்டுத் தையல் மெஷினில் நானே தைக்கலாமா?

டோனோ கவரை முயன்று பார்க்கலாம். டாப்புக்கு நான்கைந்து அடுக்கு வைனில் ஒன்றாக மெஷினுக்குள் போகும் இடங்கள் உண்டு, மேலும் கீழும் சேர்ந்து துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் இல்லாமல் தையல் நேராக வராது. தைக்கிற முடிவோடு இருந்தால் நூல் வெயிலைத் தாங்கும் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் மட்டும் வேண்டாம். தையல் இடைவெளி 4 மி.மீ. அளவில் இருக்கட்டும், நெருக்கித் தைத்தால் வைனில் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

எப்படிப் பராமரிப்பது?

சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிவிசி ஜன்னலைக் கெடுத்துவிடும். தானியங்கி கார் வாஷ் வேண்டாம், பிரஷர் வாஷரும் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது சுருட்டி டிக்கியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், ஜன்னலும் பால்போல மங்கும். வழியில் வேறு வழியில்லாமல் நனைந்ததையே சுருட்ட நேர்ந்தால் வீடு வந்ததும் விரித்துக் காயப்போடுங்கள். ஜன்னலை மடிக்காதீர்கள், மெல்லிய ஃபிளானல் துணியை வைத்துச் சுருட்டுங்கள், கடுங்குளிரில் அதையும் செய்யாதீர்கள், விறைத்த பிவிசி மடிப்பிலேயே உடையும். கம்பிகளைத் தனிப் பையில் போடுங்கள், டாப்போடு சேர்த்து டிக்கியில் எறிந்தால் பத்து மைல் குலுங்கலில் ஜன்னல் முழுக்கக் கீறலாகிவிடும்.